பழைய தோட்ட டிராக்டரில் பனி வழிப்பது எப்படி?

டொரன்டோவிலிருந்து வடக்கே போகும்போது பேரி நகரைத் தாண்டியதும் பனியின் குணமே மாறிவிடும். ஜார்ஜியன் விரிகுடாவின் உறையாத நீர்மேல் ஓடி வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டுகிறது. ஒரே இரவில் முழங்கால் அளவு பெய்வது இந்தப் பக்கத்தில் செய்தியே அல்ல. பெரிய ஏரிகளை ஒட்டிய ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஈரி ஏரிக் கரையில், பஃபலோவுக்குப் பக்கத்திலுள்ள ஹாம்பர்க்கில் 2022 நவம்பரில் சில நாள்களுக்குள் சுமார் 80 அங்குலம் பெய்தது.

நகரத்து அடுக்குமாடியை விட்டு இப்படியொரு ஊரில் வீடும் நிலமும் வாங்கி வருகிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. வீட்டைப் பார்க்க வருவது பெரும்பாலும் கோடையில். வாசலிலிருந்து சாலை வரை நீளும் பாதை அப்போது அழகாகத்தான் இருக்கும். அது 30 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் என்று வையுங்கள். அதன்மேல் 20 சென்டிமீட்டர் புதுப்பனி கிடந்தால் 24 கன மீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ என்று கணக்கிட்டாலே 2,400 கிலோ. பனி ஈரமாக இருந்தால் இது இரண்டு மடங்குக்கும் மேலே போகும். இத்தனையையும் மண்வாரியால் அள்ளி எறிய வேண்டும், அதுவும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு. ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளவே கூடாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் இத்தனை பளுவைத் தூக்குவது இதயத்துக்கு ஆபத்து.

நான் தேர்ந்தெடுத்த வழி 1970களில் வந்த ஒரு தோட்ட டிராக்டர். பல குளிர்காலங்களாக அதுதான் எங்கள் பாதையைத் திறக்கிறது. முதல் ஆண்டில் எனக்கு யாரும் சொல்லாத ஒன்றை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பனி வேலையில் குதிரைத்திறன் இரண்டாம் பட்சம். எடையும் தரையைப் பிடிக்கும் சக்கரமும்தான் முதலில் வேண்டியவை.

வாங்கும்போது

தோட்ட டிராக்டர் வேறு, புல் வெட்டும் டிராக்டர் வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கிட்டப் போய்ப் பின்சக்கரத்தைப் பாருங்கள். கார் சக்கரம்போல ஐந்து போல்ட்டுகள் போட்டு மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் தோட்ட டிராக்டர். அச்சின் நுனியில் ஒரு சிறிய வளையமும் மூடியும் மட்டும் தெரிந்தால் அது புல்லுக்காகச் செய்தது. அதன் பின்பக்க கியர்பெட்டி ஒரு குளிர்காலம்கூடப் பனியைத் தள்ளத் தாங்காது. தோட்ட டிராக்டரின் பின்சக்கர வளையம் பொதுவாக 12 அங்குலம் இருக்கும், சட்டம் கனமான இரும்பாக இருக்கும். மொத்த எடை 300 முதல் 450 கிலோ வரை வரும்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் கப் காடெட் என்ற டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியது 1960இல். ஜான் டீரின் முதல் தோட்ட டிராக்டரான 110 வந்தது 1963இல். வீல் ஹார்ஸ் இந்தியானாவின் சவுத் பெண்டிலிருந்து வந்தது. சிம்பிளிசிட்டியும் போலன்ஸும் விஸ்கான்சினின் போர்ட் வாஷிங்டன் என்ற ஒரே ஊரில் பிறந்தவை. பனி அதிகம் பெய்யும் இந்த வட்டாரத்தில் இவை எல்லாமே இன்றும் விற்பனைக்கு வருகின்றன. எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எதற்கு உதிரிபாகம் கிடைக்கிறது, எதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேளுங்கள்.

விற்பவர் வீட்டுக்குப் போனதும் இன்ஜினின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டியிருக்கிறார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு, ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று அன்றைக்குப் பாருங்கள். சூடேறிய பின்னும் நீலப் புகை தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. ஸ்டீயரிங்கை இலேசாக அசைத்துப் பாருங்கள். முன்சக்கரம் அசைவதற்கு முன் கால் சுற்று வீணாகப் போனால் அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்யும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும். கியர்பெட்டி எண்ணெயைப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. குளிர் வந்ததும் அந்தத் தண்ணீர் உறையும்.

பனி தள்ளும் பிளேடை டிராக்டரோடு சேர்த்தே வாங்குங்கள், அதை மாட்டும் அடிச்சட்டம், தூக்கும் கம்பி, பின்கள் எல்லாம் உட்பட. பிளேடு தனியாகக் கிடைத்துவிடும். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் அடிச்சட்டம் கிடைக்காமல் இரண்டு ஆண்டு தேடியவர்களை எனக்குத் தெரியும்.

கியர் வண்டியா, ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியா (கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது) என்று கேட்பார்கள். பிளேடால் தள்ளுவதற்குக் கியர் வண்டி போதும். அதில் கெட்டுப்போக அதிகமில்லை. பனியை அள்ளி வீசும் இயந்திரம் மாட்டப் போகிறீர்கள் என்றால் ஹைட்ரோஸ்டாட்டிக்தான் நல்லது. இன்ஜினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டே வண்டியை ஊர்ந்து போகச் செய்யலாம்.

அக்டோபரில் முடிக்க வேண்டியவை

முதல் பனி விழும் காலையில் கராஜுக்குள் போய்ச் சாவியைத் திருப்புவது தயாரிப்பு ஆகாது. நன்றிகூறும் நாள் விடுமுறை கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வருகிறது. அந்த வாரக்கடைசியை நான் டிராக்டருக்கு என்று ஒதுக்கிவிடுவேன்.

முதலில் எண்ணெய். கோடையில் போட்ட 30 ஆம் எண் எண்ணெய் கடுங்குளிரில் தேன்போலக் கெட்டியாகும், இன்ஜினைச் சுற்றவே விடாது. இன்ஜினைச் சூடாக்கிப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு 5டபிள்யூ-30 ஊற்றுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் இருக்கும் கோலர் நிறுவனத்தின் கே வரிசை ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பம்ப் கிடையாது. அடியில் சுழலும் ஒரு கரண்டி எண்ணெயைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். அளவு குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. ஆகவே ஒவ்வொரு முறை கிளப்புவதற்கு முன்பும் அளவுக்கோலை உருவிப் பாருங்கள்.

அடுத்து தீப்பொறி. பழைய கோலர் இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே 'பாயின்ட்ஸ்' என்கிற இரண்டு தொடுமுனைகள். கோடை ஈரத்தில் அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் பிடித்துவிடும். ஒரு விசிட்டிங் கார்டு அளவு கெட்டித்தாளை இரண்டுக்கும் நடுவே விட்டு மெதுவாக இழுத்தால் தாளில் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை இழுங்கள். பிறகு இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர், இருக்கிறதா என்று அளவுத் தகட்டால் பாருங்கள். 'வண்டி செத்துவிட்டது' என்று விற்கப்பட்ட எத்தனையோ டிராக்டர்களுக்கு இவ்வளவுதான் நோய்.

பெட்ரோலில் எத்தனால் கலக்காத வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கினாலும் பூச்சியத்துக்குக் கீழே அது மணி அளவு பனிக்கட்டியாகி எரிபொருள் துளையை அடைத்துவிடும். கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைக் கழற்றி, ஒரு கண்ணாடிச் சீசாவில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் உருண்டையாக நிற்கும்.

பேட்டரி கடுங்குளிரில் பாதிக்குப் பாதி பலத்தை இழக்கிறது, அதே நேரத்தில் இன்ஜின் இரண்டு மடங்கு பலம் கேட்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி எங்கள் குளிரில் உறையாது, இறங்கிப்போனது உறைந்து வெடிப்பு விடும். மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும் சிறிய சார்ஜரைக் குளிர்காலம் முழுதும் மாட்டி வையுங்கள். சில பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளைதான். ஒரே பெல்ட் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பவும் செய்யும், பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவும் செய்யும். அந்த பெல்ட் தளர்ந்திருந்தால் காலையில் கிறீச்சிடும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கிரீஸ் முனைகள் அனைத்திலும் கிரீஸ் அடியுங்கள், குறிப்பாக முன் அச்சிலும் பிளேடு திரும்பும் மையத்திலும்.

எடையும் பிடிப்பும்

என் முதல் குளிர்காலத்தில் பின்டயர்களுக்குச் சங்கிலி போடாமல் இறங்கினேன். 12 குதிரைத்திறன் இருக்கிறதே, பிறகு என்ன என்ற நினைப்பு. பாதையின் கடைசிப் பத்து மீட்டர் சாலையை நோக்கி இலேசான சரிவு. இறங்கும்போது பிளேடு அழகாகத் தள்ளியது. திரும்பப் பின்னால் ஏறும்போது சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. சுற்றச் சுற்ற அடியிலிருந்த பனி உருகி, மீண்டும் உறைந்து, கண்ணாடிபோல ஆனது. அரைமணி நேரம் சாம்பலும் மணலும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தன் வண்டியைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். என் பின்டயரைக் காலால் தட்டிக் காட்டி, இன்ஜினில் குறை இல்லை, இதில்தான் குறை என்றார். மறுநாள் அவரே ஒரு ஜோடிச் சங்கிலி கொடுத்தார். அதே வண்டி, அதே சரிவு. நின்ற இடத்திலிருந்து நேராக ஏறியது.

சங்கிலி வாங்கும்போது குறுக்குச் சங்கிலிகளின் நெருக்கத்தைப் பாருங்கள். பக்கச் சங்கிலியில் இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி இருப்பது நல்லது. நான்கு கண்ணிக்கு ஒன்று என்றால் விலை குறைவு, ஆனால் இரண்டு குறுக்குகளுக்கு நடுவே டயர் வெறுமனே தரையைத் தொடும், வண்டி குதிக்கும். சங்கிலியைக் கராஜ் தரையில் முறுக்கில்லாமல் விரித்து, கொக்கிகளின் திறந்த பக்கம் டயரைக் குத்தாதபடி வெளிநோக்கி இருக்கட்டும். டயரின்மேல் போர்த்தி முதலில் உள்பக்கத்தைப் பூட்டுங்கள், பிறகு வெளிப்பக்கத்தை. டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பூட்டி, பிறகு காற்றடித்தால் சங்கிலி தானே இறுகும். ஐம்பது மீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். மட்கார்டில் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை அலங்காரக் கல் பதித்ததாக இருந்தால் சங்கிலி கீறும். மழமழப்பான கான்கிரீட்டில் இரும்பு வழுக்கவும் செய்யும். அங்கே எடையைத்தான் நம்ப வேண்டும்.

எடை சேர்க்க மூன்று வழிகள் உண்டு. பின்சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் வார்ப்பிரும்பு எடைகள் ஒன்று. ஒவ்வொன்றும் வழக்கமாக 50 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 23 கிலோ. இரண்டாவது, டயருக்குள் உறையாத திரவம் நிரப்புவது. வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி அந்த மட்டம்வரை, ஏறக்குறைய முக்கால் பங்கு நிரப்புவார்கள். கால்சியம் குளோரைடு கரைசல் கனமானது, ஆனால் டியூப் இல்லாவிட்டால் சக்கர வளையத்தை அரித்துத் தின்றுவிடும். காரின் கண்ணாடி கழுவும் திரவம் மலிவு, ஆனால் அதிலுள்ள மெத்தனால் நஞ்சு. டயர் கசிந்தால் நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து. சர்க்கரை பீட்டின் சாற்றிலிருந்து செய்த திரவம் அரிக்காது, நஞ்சும் இல்லை, தண்ணீரைவிடக் கனமானது. விலைதான் கூட. மூன்றாவது, வண்டியின் பின்னால் ஒரு பெட்டி கட்டி மணல் மூட்டை வைப்பது. பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்னால் தொங்கும் பிளேடுக்கு எதிர்ப்பாரமாக நிற்கும். புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம், செலவே இல்லை.

பனியைத் தள்ளும் காலை

கராஜ் கதவை முழுதாகத் திறந்த பிறகே இன்ஜினைக் கிளப்புங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு மூடியிருக்க வேண்டும். சோக்கை முழுதாக இழுத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். கிளட்சை மிதித்தால் கெட்டிப்பட்ட கியர் எண்ணெயைச் சுற்றும் சுமை ஸ்டார்ட்டரின் தலையில் விழாது. கிளம்பியதும் வெளியே எடுத்து, நடுத்தர வேகத்தில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் என்றால் பத்து.

பிளேடின் அடியில் இரு பக்கமும் இரும்புப் பாதங்கள் இருக்கும். சரளைப் பாதையில் அவற்றை இறக்கி, பிளேடு தரையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வையுங்கள். சீசனின் முதல் பனியை முழுதாக வழிக்கவே வேண்டாம். ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைத்தால் அது சரளையோடு சேர்ந்து உறைந்து தார்போல ஆகிவிடும். அப்படி விடாதவர்களின் சரளை ஏப்ரலில் புல்வெளியில் கிடக்கும்.

முப்பது சென்டிமீட்டர் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐந்து, ஏழு சென்டிமீட்டர் விழுந்ததும் ஒருமுறை போங்கள், பெருமழைபோலக் கொட்டும் நாளில் நான்கு முறைகூட. பிளேடைச் சாய்த்து நடுவில் ஒரு தடம் போட்டு, பிறகு இரு பக்கமும் விளிம்பை நோக்கி வழித்துக்கொண்டே வாருங்கள். முதல் அல்லது இரண்டாம் கியர் போதும். பனிக் குவியலை ஓடிவந்து முட்டாதீர்கள். பிளேடில் ஒரு கல்லோ உறைந்த கட்டியோ பட்டால் அதன் ஸ்பிரிங்குகள் விரிந்து பிளேடு முன்னால் மடங்கும், 'டக்' என்ற ஒலியோடு பழைய நிலைக்கு வரும். அது மெதுவாகப் போகும்போதுதான் காப்பாற்றும். வேகத்தில் வந்து இடித்தால் மடங்குவதற்குள் சட்டம் வளைந்துவிடும்.

டிசம்பரில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பனியைப் பாதையின் ஓரத்தில் அப்படியே விடுவது. அந்தக் கரை இரவில் கல்லாக இறுகும். அடுத்த பனி அதற்கு உள்ளே நிற்கும், அதற்கடுத்தது இன்னும் உள்ளே. பிப்ரவரியில் நான்கு மீட்டர்ப் பாதை இரண்டரை மீட்டராகிவிடும், காரின் கதவைத் திறக்க முடியாது. ஆகவே முதல் இரண்டு மூன்று பனிகளை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம், புல்வெளிக்குள்ளேயே தள்ளிவிடுங்கள். பாதையின் இரு ஓரங்களிலும் நிலம் உறைவதற்கு முன்பே வண்ணக் கோல்களை நட்டுவையுங்கள். பனி மூடிய பிறகு பூச்செடி எது, பாதை எது என்று தெரியாது.

நகராட்சியின் பனிவண்டி உங்கள் வாசலில் விட்டுப்போகும் கனமான மேட்டைப் பற்றி ஒரு சொல். இங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே வீட்டிலிருந்து சாலையைப் பார்த்து நின்றால் உங்கள் பக்கத்துப் பனிவண்டி இடமிருந்து வலமாகப் போகும். சாலை ஓரத்தில், பாதையின் இடப்பக்கம் மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு பையைப்போல வழித்துக் காலியாக வையுங்கள். வண்டியின் பிளேடில் சேர்ந்துவரும் பனி அந்த இடத்தில் இறங்கிவிடும், உங்கள் வாசலில் பாதிகூட விழாது. உங்கள் சொந்தப் பனியை வலப்பக்கம் குவியுங்கள். அதைச் சாலைக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு, அனுமதியின்றிச் சாலையில் பனி போடுவதைத் தடை செய்கிறது. சக்கரத்தடியில் உறைந்து நிற்கும் அந்த வரம்பு இன்னொருவரின் காரைப் புரட்டிவிடும்.

இந்த வயது வண்டிகளில் பலவற்றுக்கு இருக்கையை விட்டு எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் கிடையாது. கவிழ்ந்தால் காக்கும் வளைவும் கிடையாது. சரிவில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்பிப் பாருங்கள். பனிமேட்டில் விளையாடும் குழந்தையின் தலை பிளேடின் உயரம்தான் இருக்கும். காது மூடியும் போட்டிருப்பதால் அவர்கள் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது. நான் வண்டி ஓட்டும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மாறாத விதி.

பனிவீசி மாட்டினால்

பனிவீசி முன்னால் நூறு கிலோவுக்கு மேல் தொங்கும். பின் எடை இல்லாமல் மாட்டவே கூடாது. இன்ஜின் முழு வேகம், வண்டி நடை வேகம், காற்று போகும் திசையில் பனி வெளியேறும் வாய். ஈரப் பனி வாய்க்குழாயை அடைக்கும். முன்கூட்டியே உள்ளே மெழுகு தேய்த்து வைத்தால் குறையும். அடைத்துவிட்டால் இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, சுழல்வது நின்ற பிறகு ஒரு மரக்கட்டையால் குத்தி எடுங்கள். கையை விடவே விடாதீர்கள். இன்ஜின் நின்றிருந்தாலும் அடைப்பில் இறுகி நிற்கும், பனியை அள்ளும் திருகு, அடைப்பு விலகியதும் ஒரு கால் சுற்றுச் சுற்றும். விரல் போக அது போதும். திருகைக் காக்கும் உடைபின் போனால் கையில் கிடைத்த இரும்பு போல்ட்டை மாட்டாதீர்கள். உடைவதற்கென்றே செய்த பின் அது. அது உடையாவிட்டால் கியர்பெட்டி உடையும்.

வேலை முடிந்ததும்

இன்ஜினின் காற்றுக் குளிர்ச்சி வலையிலும் காற்று வடிகட்டியின் மேலும் ஒட்டிய பனித்தூளைத் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது உருகி, இரவில் உறைந்து, மறுநாள் இன்ஜின் மூச்சுத் திணறும். பெல்ட்டுகள் ஈரம் உதறும்படி இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பிளேடை ஒரு பலகையின்மேல் இறக்கி நிறுத்துங்கள். வெறுந்தரையில் இறக்கினால் உருகிய நீர் உறைந்து பிளேடு சிமெண்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் இரண்டு முறை வெந்நீர் ஊற்றி விடுவித்திருக்கிறேன். இன்ஜின் ஆறியதும் டாங்கை நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் அங்கே ஈரம் வியர்த்து மீண்டும் பெட்ரோலுக்குள் தண்ணீர் சேரும்.

கராஜ் சுவரில் ஒரு தகரப் பெட்டி தொங்கட்டும். இரண்டு ஸ்பார்க் பிளக், ஒரு ஜோடி பாயின்ட்ஸ், பெல்ட்டுகளில் ஒவ்வொன்று, ஐந்தாறு உடைபின், சங்கிலியின் இரண்டு கண்ணி, ஒரு டார்ச். பழைய வண்டியின் உதிரிபாகத்தைத் தபாலில்தான் வரவழைக்க வேண்டும், புயல் நாளில் தபால் வராது. ஒவ்வொன்றின் உதிரிபாக எண்ணையும் வண்டியின் மூடிக்கு உள்பக்கம் அழியாத மையால் எழுதிவையுங்கள். ஜனவரி மாதம் காலை ஐந்து மணிக்கு, கையுறையைக் கழற்ற முடியாத குளிரில், அந்த எழுத்து முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். பெரிதாக எழுதுங்கள்.